தாள் மாறித் தைத்த புத்தகம்

மூன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நன்றாக வாசிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான்தான். எனக்கு எழுத்து மட்டும் தெரியாது.

இதெப்படி என்று கேட்பவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. சூலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடியது. எங்கள் வீட்டிலும் இரண்டு தறி இருந்தது. அப்பா தறி ஓட்டுவார், அம்மா தார் சுற்றுவாள். தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சி. தறிச் சத்தத்தில் பிறந்து அதிலேயே வளர்ந்த சனம் என்பதால் எங்கள் ஊரில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. ரகசியம் என்றாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி ஓடுகிற கொட்டகை. அதை வென்று பாடம் நடத்தத் தொண்டை வேண்டும். எங்கள் பெரிய சாருக்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, தொண்டை போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நல்ல குரல் உள்ள ஒரு பிள்ளை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகக் கத்தும். மற்ற பிள்ளைகள் அதைத் திருப்பிக் கத்தும். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் கேட்டால் பாடம் நடக்கிறது என்று பொருள், கேட்காவிட்டால் ஏமாற்றுகிறோம் என்று பொருள். சத்தமாகப் படிக்கிற பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

முன்னால் நின்று கத்துகிற அந்தப் பிள்ளை நான். ஒன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்த மாதங்களில் எனக்கு அம்மை போட்டிருந்தது. தேறி வந்து பார்த்தால் வகுப்பு எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது. எனக்காகத் திரும்பி வர யாருக்கும் நேரமில்லை. ஆனால் எனக்குக் காது நன்றாக வேலை செய்தது. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே கூடத்தில் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவோம். இரண்டாம் வகுப்பு முழுக்க, முதுகுக்குப் பின்னால் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் நாள்தோறும் கத்தப்பட்டதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அணில் பாடம், சந்தைப் பாடம், மழைப் பாடம், கிணறு வெட்டிய பாடம் என்று எல்லாமே காது வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. மறு வருஷம் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தபோது அதில் எனக்குத் தெரியாத வரி ஒன்றுகூட இல்லை. படத்தைப் பார்த்தால் எந்தப் பாடம் என்று தெரிந்துவிடும். எந்தச் சொல்லில் தாளைத் திருப்ப வேண்டும் என்பதும் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஏட்டில்கூட இல்லை, வாயில் மட்டும்தான் காய்த்தது.

இதுதான் படிப்பது என்று முதலில் நானும் நம்பினேன். ஒருநாள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த மாமன் முன்னால் அப்பா அதை என்னிடம் நீட்டி, "படி அம்மணி, மாமன் கேக்கட்டும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். பிள்ளையார் படம் இருந்தது. அதற்குக் கீழே இருந்தவை ஒன்றும் என்னிடம் பேசவில்லை.

"கண்ணு எரியுதுங்கப்பா" என்று சொல்லித் தப்பித்தேன். அன்றிலிருந்து எனக்குக் கண் அடிக்கடி எரிந்தது. பஸ் வந்தால் போர்டு படிக்கச் சொல்வார்களே என்று பஸ் நிறுத்தத்துக்குப் போகவே பயந்தேன். அப்பாவோ தறிக்குப் பாவு, அதாவது நீள நூல், பிணைக்க வருகிறவர், நூல் இறக்க வருகிறவர் என்று ஒருவர் விடாமல் உட்கார வைத்து என்னைப் பாடம் படிக்கச் சொல்லுவார். எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு பிள்ளை இல்லை என்று பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பெருமை ஏற ஏற நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்க்க வருவார், அவர் முன்னால் நான்தான் படிக்க வேண்டும் என்று பெரிய சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதிகாரி வேறு எதையாவது நீட்டினால் என்ன செய்வது என்பதுதான் அந்த வருஷம் முழுவதும் என் ஒரே கவலை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்புக்குப் புது டீச்சர் வந்தார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வயது இருபத்தைந்து இருக்கும். நாற்காலியில் உட்காருகிற பழக்கமே அவரிடம் இல்லை. ரப்பர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்று புத்தகத்தை எட்டிப் பார்ப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் வந்து அம்மாவிடம் குறை சொன்னேன்.

தார் மெஷினில் கை வைத்தபடியே அம்மா கேட்டாள். "பொறத்தால வந்து நின்னு பாக்கறாங்களா? உன்ற புஸ்தகத்தையுமா?"

"ஆமாம்மா. திருடன மாதிரி வர்றாங்க."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தாரைச் சொருகினாள்.

அது நடந்து இரண்டு மூன்று நாளில் ஒரு சாயங்காலம். வாசலில் குண்டு பல்பின் கீழே உட்கார்ந்து அணில் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்டு போய்விட்டது. எங்கள் ஊரில் கரண்டு போவது என்றால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்று, ஊரே காது அடைத்தது போல் ஆகிவிடும். அந்த அமைதியில் என் குரல் ஒன்றுதான் தெரு முழுக்கக் கேட்டது. அணில் மரம் ஏறியது, பழத்தைக் கொறித்தது, கொட்டையைக் கீழே போட்டது. நான் நிறுத்தவே இல்லை.

எதிர் வீட்டு அத்தை இருட்டுக்குள்ளிருந்தே பாராட்டினாள். "கரண்டு போயிங்கூடப் புள்ள படிப்ப விடலையே! இவ கலெக்டராத்தான் ஆகப் போறா பாருங்க!"

பெருமையில் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அம்மா சிம்னி விளக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அப்படியே நின்றாள். பாடம் முடிகிற வரை நின்றாள். அத்தை சொன்னதைக் கேட்டுப் பூரித்துப்போய் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என் தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அது பையில் கிடந்து கிடந்து தாள் தாளாகக் கழன்று வந்திருந்தது. தைத்துக் கொடு என்று மாதக்கணக்கில் கெஞ்சியும் நேரமில்லை என்றவள், அன்று தானாகவே கோணி ஊசியும் பாவு நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாள்களைத் தரையில் பரப்பினாள். கீழ் ஓரம் பிய்ந்திருக்கிறது என்று துணிக் கத்தரியால் ஒரே சீராக நறுக்கினாள். நான் விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது காக்கி அட்டை போட்டு, பிரிக்கவே முடியாதபடி கெட்டியாகத் தைத்து வைத்திருந்தாள். புதுப் புத்தகம் போல இருந்தது. அதை வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமும் மறுநாள் சாயங்காலமும் கத்திப் படித்தேன். அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

புதன்கிழமை பள்ளியில் வழக்கம்போல முன்னால் நின்று அணில் பாடத்தைக் கத்தத் தொடங்கினேன். படம் இருந்த முதல் தாள் முடிந்தது. திருப்பினேன். அடுத்த தாளில் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். நான் கத்த, வகுப்பு திருப்பிக் கத்த, பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் டீச்சரின் மூச்சு கேட்டது. அவர் என் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். அடுத்த பிள்ளையிடம் நகர்ந்து போனார்.

மத்தியானம் சத்துணவு சாப்பிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் படித்த பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பக்கத்துல அணில் எங்கிருக்குதுன்னு காட்டு கண்ணு."

நான் குத்துமதிப்பாக நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். "இங்கீங் டீச்சர்."

"அது வெண்டைக்காய்" என்றார் டீச்சர்.

அது சந்தைப் பாடத்தின் தாள். அணில் பாடத்தின் நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு வாயில் என்ன வரும்? எனக்கு அம்மாதான் வந்தாள்.

"எங்கம்மா தப்பாத் தெச்சுபோட்டாங்க டீச்சர். அவிங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. எழுத்தே தெரியாதுங்க."

"சரி. உனக்கு?" என்றார் டீச்சர்.

கொட்டகையில் பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நான் மெதுவாகத்தான் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"தெரியாதுங் டீச்சர்."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அது பயத்தில் வந்த அழுகை இல்லை. ரேஷன் கடையிலிருந்து தலைச்சுமையாக அரிசி கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கி வைக்கும்போது கழுத்துக்கு ஒரு சுகம் வருமே, அப்படி இருந்தது. இனிமேல் கண் எரிய வேண்டியதில்லை, பஸ்ஸைப் பார்த்து ஒளிய வேண்டியதில்லை. ஒருத்தருக்காவது தெரிந்துவிட்டது. அது போதும்.

டீச்சர் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் எனக்கு ஒண்ணு செய்யோணும். தெரியாததத் தெரிஞ்ச மாதிரி படிக்கக் கூடாது. வாய் வந்தாலும் அடக்கிக்கோணும். நாளைக்கு உங்கம்மாவ வரச் சொல்லு."

மறுநாள் அம்மா வந்தாள். தார் சுற்றிக்கொண்டிருந்த கையோடு வந்ததால் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் தூணோடு ஒட்டி நின்றேன். நான் சொல்லியிருந்ததையேதான் அவளும் சொன்னாள்.

"ஆமாங்க டீச்சர். எழுத்துத் தெரியாதவ பாருங்க. தாளு மாறிப்போச்சுங்க."

டீச்சர் புத்தகத்தை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நிதானமாகப் புரட்டினார். கத்தரித்த கீழ் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாக் கெட்டியாத் தெச்சிருக்கீங்க. பிரிக்க வேண்டாமுங்க. இப்படியே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"ஆகட்டுங்க" என்றாள் அம்மா. இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. தப்பாகத் தைத்ததைத் திருத்தச் சொல்லாமல் பாராட்டுகிறாரே, இவரெல்லாம் என்ன டீச்சர் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் டீச்சர் நூல் சுற்றிய கோன்கள் வருகிற பெட்டிகளின் அட்டைகளை ஒரு கட்டுக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். தறி, தார், பாவு, நாடா, நூல் என்று நாங்கள் கத்தக் கத்த, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சொல்லாக எழுதினார். வீட்டில் தினமும் கையில் புழங்குகிற சாமான்கள் ஒவ்வொன்றாக அட்டையில் வந்து உட்கார்ந்தன. தறிக்கும் தாருக்கும் முன்னால் 'த' என்ற ஒரே ஆள் நிற்பதை முதன்முதலில் கண்டுபிடித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். அப்போதுதான் ஊர்க் குட்டு வெளிப்பட்டது. பாதி வகுப்புக்கு மேல் என் கூட்டாளிகள்! ஒருவன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழித்தான். இரண்டாவது பெஞ்சுக்காரி, இத்தனை நாளாகப் புத்தகத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துத்தான் படித்துவந்தாளாம். குருடனுக்குக் குருடன் கோல் பிடித்த கதையாக அத்தனை பேரும் என்னை நம்பிப் பின்னால் வந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கப்படத் தோன்றவில்லை. நான் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்கு என்று டீச்சர் தனியாக ஒரு வேலை வைத்தார். மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தை எடுத்துக்கொண்டு, விரல் ஒரு சொல்லைத் தொட்டால் வாய் ஒரு சொல் மட்டும் சொல்ல வேண்டும். விரலை விட்டு வாய் முந்தக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பார்த்தால்தான் தெரியும். என் வாய் பழகிய மாடு, வழி தெரிந்த தைரியத்தில் ஓடியது. விரல் பாதி வரியில் நிற்கும்போதே வாய் வரியை முடித்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. அணில் என்று வாய் சொல்லும்போது விரலுக்குக் கீழே இருப்பதுதான் அணில் என்று பிடிபட ஒரு வாரம் ஆனது. பிடித்த பிறகு அந்த அணிலை வேறு பக்கங்களில் தேடச் சொன்னார். மாறித் தைத்த தாள்கள் வருகிற இடத்திலெல்லாம் என் மனப்பாடம் செல்லாது. படம் ஒன்று சொல்லும், அடுத்த தாள் வேறொன்று சொல்லும். தாளைப் பார்த்தே ஆக வேண்டும். அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே பார்த்தேன்.

கத்துவதை டீச்சர் அடியோடு நிறுத்திவிட்டார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, காதோடு காதாக ஒருவருக்கு ஒருவர் படித்துக்காட்ட வேண்டும். பெரிய சாருக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் தூக்கத்திலிருந்து விழித்தவர் போல எழுந்து வந்தார்.

"ஏனுங்க டீச்சர், சத்தத்தையே காணோம்? பாடம் நடக்குதுங்களா?"

"நடக்குதுங்க சார்."

"காதுல உளுந்தாத்தானுங்க படிப்பு. அதிகாரி வர்ற நேரத்துல இப்படிக் கம்முனு உட்கார வெச்சா நம்ம பேரு கெட்டுபோகுமுங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஆனால் எதையும் மாற்றவில்லை.

பொங்கல் முடிந்தது, அதிகாரியும் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் தோல் பை. பெரிய சார் டீக்கடையிலிருந்து அவருக்கு வடை வாங்கி வரச் செய்திருந்தார். அவர் சாப்பிட்டு முடித்ததும் பெரிய சார் என் காதருகில் குனிந்து, "அணில் பாடம். நல்லாச் சத்தமா, தெகிரியமா" என்று ரகசியம் சொன்னார். எங்கள் ஊர் ரகசியம்தான். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு தாள் புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார்.

"என்னங்க சார் இது, தாளெல்லாம் மாறிக் கெடக்குது? இதுல புள்ள எப்படிப் படிக்குது?"

பெரிய சாருக்கு வேர்த்துவிட்டது. அதிகாரி புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார். வடை மடித்து வந்த பத்திரிகைத் தாளைத் தட்டி நீவி, எண்ணெய் படாத ஒரு மூலையைக் காட்டி என்னிடம் நீட்டினார்.

"இதப் படி பாக்கலாம்."

இத்தனை மாதமாக நான் பயந்தது இதற்குத்தான். டீச்சர் சுவரோரம் நின்றிருந்தார். அவர் ஜாடை எதுவும் காட்டவில்லை, தன் ஆள்காட்டி விரலை மட்டும் லேசாக மடக்கி நீட்டினார். நான் என் விரலைத் தாளில் வைத்தேன்.

"ஈ… ரோட்… டில்." நின்று மூச்சு விட்டேன். "மஞ்… சள். வர… வரத்து." வரத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் போட்டிருந்தது. "குறைந்… த… தால். விலை."

பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை காலம் மழை போலப் பொழிந்த பிள்ளை இப்படித் திக்கித் திணறினால் அவர்தான் என்ன செய்வார்? விலை என்ற சொல்லுக்குப் பிறகு தாள் கிழிந்திருந்தது. நான் விரலை எடுத்தேன்.

"ம், மேல படி" என்றார் அதிகாரி.

"மேல இல்லீங் சார். கிழிஞ்சிருக்குதுங்க."

அதிகாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரின் பக்கம் திரும்பி, "கிழிஞ்ச எடத்துல நின்னுபோட்டா பாத்தீங்களா! இதுதானுங்க படிக்கற புள்ள" என்றார். என் தலையைத் தட்டி உட்காரச் சொன்னார். டீச்சர் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். ஐந்தாறு சொல் படித்ததற்கு இத்தனையா என்று எனக்கு ஆச்சரியம். படித்ததை விட்டுவிட்டு நிறுத்தியதைப் போய்ப் பாராட்டுகிறாரே என்று அதைவிட ஆச்சரியம். அதிகாரி போனபிறகு பெரிய சார், "இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவரும் நிம்மதியாகத்தான் இருந்தார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மழைப் பாடத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கரண்டு போனது. தறிகள் நின்றன. நானும் நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏங்கண்ணு நிறுத்திப்போட்ட?"

"இருட்டுல எப்படிம்மா படிக்கறது? எழுத்துத் தெரியல."

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. இருட்டில் வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள். விளக்குக் கொண்டுவர மறந்துவிட்டாள். எதிர் வீட்டு அத்தைதான் வருத்தப்பட்டாள். "முந்தியெல்லாம் இருட்டுலயும் படிப்பாளேங்க. என்ன ஆச்சு புள்ளைக்கு? யாராச்சும் கண்ணு வெச்சுபோட்டாங்களோ என்னமோ!"

என்ன சிரிப்பு என்று நான் கேட்டதற்கு அம்மா, சாப்பிட வா என்றாள். நானும் மறந்துவிட்டேன். மறக்காதது ஒன்றுதான். அம்மா எழுத்துத் தெரியாமல் என் புத்தகத்தைத் தப்பாகத் தைத்தாள் என்ற கதையைக் கல்லூரியில் சொன்னேன், வேலை பார்க்கிற இடத்தில் சொன்னேன், கல்யாணமான பிறகு புகுந்த வீட்டிலும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருந்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்போது நாங்கள் கோயமுத்தூரில் இருக்கிறோம். தறிச் சத்தம் இல்லை. இன்வர்ட்டர் இருப்பதால் கரண்டு போவதும் தெரிவதில்லை. என் மகள் இரண்டாம் வகுப்பு. போன மாதம் அம்மா வந்திருந்தபோது, மகள் ஒரு சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தங்கு தடையில்லாமல் படித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாம்மா, உன்ற பேத்தி எப்படிப் படிக்கறா!" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சித்த அந்த லைட்ட அமத்து கண்ணு."

எழுந்து விளக்கை அணைத்தேன். ஜன்னல் திரை மூடியிருந்ததால் அறை கும்மிருட்டானது. மகளின் குரல் நிற்கவில்லை. நரி காட்டுக்குள் போனது, தண்ணீர் குடித்தது, திரும்பி வந்தது.

இருட்டில் நான் சுவிட்சுப் பக்கத்திலேயே நின்றேன். சிம்னி விளக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்ற அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். படமிருந்த தாள்கள் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருந்தன, எழுத்து மட்டும் இருந்த தாள்கள்தான் மாறியிருந்தன. கீழ் ஓரத்தைத்தான் நறுக்கினாள், அங்கேதான் பக்க எண் இருந்தது; அது இருந்திருந்தால் தாள் மாறியதை நானே கண்டுபிடித்திருப்பேன். என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் இன்னும் சத்தமாகப் படித்துக்காட்டி வாயை அடைத்திருப்பேன். சரியா தப்பா என்று அவளால் பார்க்க முடியாது. பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்று நானேதான் சொல்லியிருந்தேன்.

"எழுத்துத் தெரியாதுன்னு சொன்னியேம்மா" என்றேன்.

"எழுத்துத் தெரியாதுதான். கோன் பெட்டில லாட் நெம்பரு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தவ நானு. நெம்பருகூடவா தெரியாது?"

மகள் நரியை முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். நான் விளக்கைப் போட்டேன். அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேத்தியின் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஊசி நூலு எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டாள்.